மேலே ஒரு நாள் நிறுத்தம்

எனக்கு வத்தலக்குண்டில் சைக்கிள் கடை. அப்பா வைத்த கடை. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு சைக்கிளில் ஊர் ஊராகப் போகிற குழுக்கள் வர ஆரம்பிக்கும். கூப்பிட்டால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஸ்பானர் பெட்டியோடு அவர்களுடைய வேனில் ஏறிவிடுவேன். மதுரையில் ஆரம்பித்து, கொடைக்கானல் ஏறி, பழனியில் இறங்கி, உடுமலை, வால்பாறை என்று நீளும் பயணம். நடுவில் ஒரு நாள் எங்கும் நகராமல் ஒரே ஊரில் கிடப்பார்கள். அட்டவணையில் அதற்கு ஓய்வு நாள் என்று போட்டிருக்கும். அநேகமாகக் கொடைக்கானலில்தான் அது விழும். அன்றைக்குத்தான் எனக்கு விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை வேலை.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. இந்த மலையைச் சுற்றி மனிதர்கள் எத்தனையோ விதமாகப் போய் வந்திருக்கிறார்கள்: காவடி தூக்கி, மூட்டை சுமந்து, மாட்டு வண்டி கட்டி, டோலியில் உட்கார்ந்து, இப்போது சைக்கிள் மிதித்து. எங்கே நிற்பது, எத்தனை நேரம் நிற்பது என்பதை இவர்களில் யாரும் தன் கால் வலியை வைத்து முடிவு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சுமைதான் முடிவு செய்தது. சுமை எங்கே இறங்குமோ அங்கே ஆளும் உட்கார்ந்தான்.

காவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி அங்கிருந்து பழனிக்கு நடக்கும். நானூறு வருஷப் பழக்கம் என்பார்கள். ரத்தினவேல் என்கிற வேலும் கூடவே வரும். போகும்போது மட்டுமில்லை, திரும்பி வரும்போதும் நடைதான். பஸ் வந்து, ரயில் வந்து, அவர்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்ற பிறகும் அதை மாற்றவில்லை. அந்த நடையில் இளைப்பாறும் இடங்கள் இன்ன இன்ன ஊர் என்று தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமானவை. காவடியைத் தூக்கியவர் தனக்குத் தோள் வலிக்கிறது என்று கண்ட இடத்தில் இறக்கிவைக்க முடியாது. இறக்குவதற்கு இடம் உண்டு, அங்கே பூஜை உண்டு, சாப்பாடு உண்டு. சமையல்காரர்களும் சாமான் வண்டியும் முன்னாலேயே போய் அடுப்பு மூட்டியிருப்பார்கள். இன்றைக்கு ஒரு சைக்கிள் குழு செய்கிற ஏற்பாடும் இதேதான். வேன் முன்னால் போகும், தண்ணீர் டிரம்மை இறக்கும், வாழைப்பழத்தை அடுக்கும். இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக அமைப்பாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குன்றக்குடிப் பக்கம் ஒரு தை மாதம் போய்ப் பார்த்தால் தெரியும்.

எடப்பாடி பருவதராஜகுலத்தார் கதை இன்னும் ஒரு படி மேல். பழனி மலைமேல் ராத்திரி தங்க யாரையும் விடமாட்டார்கள். எடப்பாடிக் காவடிக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி மலைமேல் தங்கும் உரிமை வழிவழியாக இருக்கிறது. அத்தனை தூரம் நடந்து வந்தவர்கள் அந்த ராத்திரியில் காலை நீட்டிப் படுப்பார்கள் என்று நினைத்தால், இல்லை. டன் கணக்கில் வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் கொட்டிப் பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருப்பார்கள். தங்குவதே அந்த வேலைக்காக.

வேலையில்லாத ஓய்வும் நம்மிடம் இருந்தது. அதை நாம் கல்லில் செய்து வைத்திருந்தோம். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். குனியவும் வேண்டாம், இன்னொரு ஆள் கை கொடுக்கவும் வேண்டாம். நின்ற நிலையிலேயே தலைச்சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கல்மேல் உட்கார்ந்துவிடும். திரும்ப எடுக்கும்போதும் அப்படியே. தனியாகப் போகிற ஒருவனுக்குச் சுமையை இறக்குவது பெரிய காரியமில்லை. தரையிலிருந்து தூக்குவதுதான் கஷ்டம். அதைப் புரிந்துகொண்ட யாரோ செய்த அளவு அது. நான் வண்டியை மாட்டி வேலை செய்கிற ஸ்டாண்டும் ஏறக்குறைய அதே உயரம்தான். முதுகு பிழைக்க வேண்டுமென்றால் வேறு உயரம் கிடையாது.

அரசாங்கம் என்று பார்த்தால், 1689-லிருந்து 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பேரைத்தான் இந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொல்வார்கள். சாலை, சாலையோரம் மரம், இடையிடையே சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தச் சாலையும் சத்திரமும் மலை அடிவாரத்தோடு நின்றுபோயின. மேலே போனவர்கள் மலைக்காரர்களும் மிளகு, ஏலக்காய் வியாபாரிகளும்தான். அவர்களுக்கு ஒற்றையடிப் பாதை போதுமானதாக இருந்தது.

1821-ல் பி.எஸ். வார்டு என்கிற லெப்டினன்ட் இந்த மலையை அளக்க வந்தார். அவர் தங்கி வேலை பார்த்தது வெள்ளகவியில். கும்பக்கரைக்கு மேலே, பெரியகுளத்திலிருந்து ஏறுகிற பழைய பாதையில் இருக்கிற ஊர். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பது அங்கே இன்றுவரை கட்டுப்பாடு. மலையேற வருகிற காலேஜ் பையன்கள் ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ரௌட்டனும், வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டன் என்பவரும் தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு சின்ன பங்களா கட்டினார்கள். ஆனால் கொடைக்கானலை ஊராக்கியவர்கள் அமெரிக்கப் பாதிரிமார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அதே 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்கியவர்கள் இவர்கள். பிறகு திண்டுக்கல், பெரியகுளம், பழனி, எங்கள் வத்தலக்குண்டு என்று பரவினார்கள். வந்த சில வருஷத்திலேயே காலராவும் காய்ச்சலுமாக ஆட்களைப் பறிகொடுத்தார்கள். உடம்பு தேற ஒரு குளிர்ந்த இடம் வேண்டும் என்று முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. சிறுமலை ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். மலேரியாக் கொசுவுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, கெட்ட காற்று என்று நினைத்தார்கள். ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். காரணம் தெரியாமலேயே இன்னும் உயரமாகப் போவோம் என்று கிளம்பி, 1845-ல் இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். ஒன்றுக்கு சன்னிசைடு, இன்னொன்றுக்கு ஷெல்டன் என்று பேர். கொடைக்கானலுக்கு அதுதான் ஆரம்பம். கோயிலைச் சுற்றியோ சந்தையைச் சுற்றியோ வளர்ந்த ஊர் இல்லை இது. களைத்துப்போனவர்கள் படுத்துக்கொள்வதற்காகக் கட்டிய ஊர்.

அவர்கள் இளைப்பாற மேலே போன வழிதான் எனக்கு முக்கியம். மதுரையிலிருந்து மாட்டு வண்டி. வெயிலுக்கு அஞ்சி ராத்திரியில் ஓட்டுவார்கள். பெரியகுளம் தாண்டி மலை அடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. வண்டி அதோடு சரி. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் செங்குத்துப் பாதை. நடக்கலாம், குதிரையில் போகலாம், இல்லையென்றால் டோலி நாற்காலியில் உட்காரலாம். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லோரும் டோலிதான். பியானோவும் கட்டிலும் கண்ணாடி ஜன்னலும்கூட ஆள் தோளில்தான் போயின. 1875-ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொடைக்கானல் ரோடு என்று பேர் வைத்தார்கள். பேரை நம்பி இறங்கியவர்களுக்கு அங்கிருந்து வண்டிப் பயணமும் டோலியும் அப்படியே பாக்கி இருந்தன. இப்போதும் சிலர் அந்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டு, ஏரி எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். எண்பது கிலோமீட்டர் தள்ளி!

தோப்பில் ஏன் நின்றார்கள்? துரைக்குக் களைப்பு என்பதற்காக இல்லை. மாட்டை அவிழ்க்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், டோலிக்கு ஆள் சேர்க்க வேண்டும், மூட்டைகளைப் பிரித்து ஒரு ஆள் தூக்கும் எடைக்குக் கட்ட வேண்டும். விடிகிற நேரத்தில் ஏற ஆரம்பித்தால்தான் வெயில் உறைப்பதற்குள் பாதி உயரம் போக முடியும். வழியிலும் டோலிக்காரர்கள் தோள் மாற்றும் இடங்களில்தான் துரைசானியும் இறங்கிக் கால் நீட்டினார். மேலே போய்ச் சேர்ந்த பிறகு அவர்களுக்கு இரண்டு மாதம் ஓய்வு. டோலியைத் தூக்கி வந்தவர்கள் அன்றைக்கே இறங்கினார்கள், அடுத்த சவாரி கீழே காத்திருந்தது. அவர்கள் பேர் ஒன்றும் எந்தப் பலகையிலும் இல்லை. 1872-ல் ஒரு லெப்டினன்ட் நடைபாதை போட்டார், அது கோக்கர்ஸ் வாக். 1863-ல் ஏரியைக் கட்டியவர் மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச், அவருக்கு நினைவுக் கல் உண்டு. லா என்கிற மேஜர் வகுத்த வண்டிச் சாலைக்கு லாஸ் காட் என்று பேர். பணத் தட்டுப்பாடும் பஞ்சமும் குறுக்கே நின்று அது இழுத்துக்கொண்டே போய், 1910-களின் நடுவில்தான் மோட்டார் வண்டி ஏறியது. பழைய பாதைக்குக் கூலி காட் என்று பொதுவாக ஒரு பேர் நிலைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

சைக்கிளுக்கு அதுவரை இந்த மலையில் வேலை இல்லை. ஆனால் சமவெளியில் அது முன்னமே ஓட ஆரம்பித்துவிட்டது. வொர்க்மன் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி, ஃபேனியும் வில்லியமும், 1897 கடைசியில் இலங்கைக்கு வந்து இறங்கி, பிறகு தமிழ்நாட்டு வழியாக வடக்கே போனார்கள். கோயில் ஊர்களையெல்லாம் சைக்கிளிலேயே பார்த்தார்கள். பதினாலாயிரம் மைல் என்று தங்கள் புத்தகத்தின் தலைப்பிலேயே கணக்கு எழுதியிருக்கிறார்கள். இரவில் தங்கல் டாக் பங்களா, அது இல்லாத இடத்தில் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம். 1898 கோடை வந்ததும் வெயில் தாங்காமல் கொஞ்ச நாள் இளைப்பாறலாம் என்று இமயமலைப் பக்கம் போனார்கள். போன இடத்தில் மலையேற்றப் பைத்தியம் பிடித்துவிட்டது. 1906-ல் அந்த அம்மா 6,900 மீட்டருக்கு மேல் உள்ள சிகரத்தில் ஏறிப் பெண்களில் சாதனை படைத்தார். ஓய்வு நாள் கொடுத்தால் சிலர் இப்படித்தான்.

1923-ல் பம்பாய்ப் பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகத்தைச் சுற்றி வரக் கிளம்பினார்கள். ஹக்கீம், பாபாசோலா, பூம்காரா என்று மூன்று பேர் மட்டும் 1928-ல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். கூட வேன் கிடையாது, மெக்கானிக் கிடையாது. அவர்களுக்கு டயர் கிழிந்த நாள்தான் ஓய்வு நாளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அட்டவணை போட்டு ஓய்வு விட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1903-ல் முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம்: மொத்தம் 2,428 கிலோமீட்டர், வெறும் ஆறு கட்டம். முதல் கட்டமே 467 கிலோமீட்டர். ராத்திரியிலும் ஓட்டினார்கள். இப்படி ஓட்டினால் நடுவில் நாள் விடாமல் முடியாது, ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் ஓய்வு. அறுபது பேர் கிளம்பி இருபத்தொரு பேர் முடித்தார்கள். இப்போது இருபத்தொரு கட்டம், இரண்டே இரண்டு ஓய்வு நாள். அந்த இரண்டு நாளும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் லேசாக மிதித்துவிட்டுத்தான் படுப்பார்கள். சும்மா கிடந்தால் மறுநாள் கால் கட்டிக்கொள்ளும்.

மெக்கானிக் என்ற முறையில் அந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜெயித்தவர் யாரும் இல்லை. 1913-ல் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்குப் பைரனீஸ் மலை இறக்கத்தில் முன் போர்க் உடைந்துவிட்டது. அடுத்தவர் உதவி வாங்கக்கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு பையன் கை கொடுத்தான் என்று அதற்கும் அபராதம் போட்டார்கள். கியர் மாற்றும் கருவியையும் 1937 வரை அந்தப் பந்தயத்தில் விடவில்லை. ஏற்றம் வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பல் அளவு, இந்தப் பக்கம் ஒரு பல் அளவு. இதைப் படித்த பிறகு கியர் சரியாக விழவில்லை என்று யாராவது என்னிடம் கத்தினால் எனக்குக் கோபம் வருவதில்லை.

எங்கள் அப்பா காலத்தில் கடை என்றால் வாடகை சைக்கிள். மணிக்கு இருபத்தைந்து காசு. தெரிந்த முகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் சொல்ல வேண்டும். நீள நோட்டில் வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம். விளக்கில்லாமல் ராத்திரி போனால் போலீஸ், இரண்டு பேர் ஏறினால் போலீஸ், பஞ்சாயத்து வில்லை இல்லையென்றாலும் போலீஸ். ஒற்றைக் கியர் வண்டியில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டரைச் சுற்று ஓடும். சந்தைக்குப் போக அது நல்ல கணக்கு. மலைக்கு ஆகாது. கொடைக்கானலுக்குச் சைக்கிள் போக வேண்டுமென்றால் பஸ் மேலே கட்டித்தான் அனுப்பினோம்.

அப்பா அமாவாசைக்குக் கடை திறக்கமாட்டார். ஆசாரிமார் வழக்கம் அது. ஆனால் அவர் மனசார விட்ட விடுமுறை ஆயுத பூஜைக்குத்தான். வாடகை வண்டி எல்லாவற்றையும் முந்தின நாளே கழுவி, எண்ணெய் போட்டு, ஹேண்டில் பாரில் சந்தனம் வைத்து வரிசையாக நிறுத்திவிடுவார். ஸ்பானரும் பம்பும் வாழை இலைமேல். மறுநாள் எடுத்துக் கும்பிடுகிறவரைக்கும் எவன் வந்து பஞ்சர் என்று கெஞ்சினாலும் தொடமாட்டார். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை ஏரில் பூட்டாத மாதிரிதான் இதுவும். சுமக்கிறதுக்கு ஒரு நாள் விடவேண்டும் என்பது நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

இப்போது என் ஓய்வு நாளுக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாளைச் சொல்லாமல் அது விளங்காது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோமீட்டர். காட்ரோடு வரை சமதளம், புளியமரமும் மாந்தோப்பும். டீ குடித்துவிட்டு அங்கே வலது பக்கம் திரும்பினால் மீதி ஐம்பது கிலோமீட்டரும் ஏற்றம். செங்குத்தாக இருக்காது, விடாமல் இருக்கும். புதுசாக வருகிறவர்கள் முதல் பத்து கிலோமீட்டரில் ஏமாந்துபோவார்கள். டம் டம் பாறையில் நின்று மஞ்சளாறு அணையைப் படம் எடுப்பார்கள், குரங்கு வந்து ஹேண்டில் பையிலிருந்து பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஊத்து தாண்டிப் பண்ணைக்காடு பிரிவு வருவதற்குள் பேச்சு நின்றுவிடும். பெருமாள் மலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களை எழுப்புவதுதான் பெரும்பாடு. அங்கே ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார், “அண்ணே, இன்னும் ஏத்தம் இருக்கா?” நான், “வெள்ளி அருவி வரைக்கும் பார்த்துக்கங்க தம்பி, அப்புறம் நீங்களே கேக்க மாட்டீங்க” என்றேன். அருவிக்கு அப்புறம் மூச்சு விடத்தான் வாய் திறக்கும். அந்த உயரத்தில் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பருப்புக்கூட அங்கே சீக்கிரம் வேகாது.

மறுநாள் காலை அவர்கள் போர்வைக்குள் இருக்கும்போது நான் லாட்ஜ் கார் ஷெட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பேன். முதலில் பின்சக்கரம். அங்கேதான் கியர் அடுக்கு இருக்கிறது. அதற்கு இடம் விட வேண்டி, வலது பக்கக் கம்பிகள் இடது பக்கத்தைவிடச் செங்குத்தாகவும் அதிக இறுக்கமாகவும் இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பாரம் அதிகமாக விழுவது அவற்றின்மேல். உடைந்தால் பெரும்பாலும் வலது பக்கக் கம்பிதான் உடையும். கண்ணால் தேட வேண்டியதில்லை. இரண்டு விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே போவேன். ஒரு பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரே சுதியில் பேசும். ஒன்று மட்டும் தொண்டை கட்டியது மாதிரி இருக்கும். அது தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஹப் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்றி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்துப் பெண்டு எடுக்க வேண்டும். கால் திருகு இந்தப் பக்கம், கால் திருகு அந்தப் பக்கம். அவசரப்பட்டு ஒரே கம்பியை முறுக்கினால் முட்டை வடிவம் ஆகிவிடும். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் போய்விடும். ஓடுகிற நாளில் அந்த அரை மணி நேரம் எங்கே கிடைக்கிறது?

பிறகு பிரேக். ஓய்வு நாளைக் கொடைக்கானலில் வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கிற காரணமே இதுதான். அமைப்பாளர்களில் சிலர் பழனியில் வைக்கலாம் என்பார்கள். ரூம் வாடகை குறைவு, தரிசனமும் ஆகும். துணி காயும் என்பது இன்னொரு வாதம், அதில் உண்மை இருக்கிறது. மார்கழியில் கொடைக்கானலில் துவைத்த ட்ரவுசர் சாயங்காலம் இன்னும் ஈரமாகத்தான் தொங்கும். ஈரத் துணியைப் போட்டு உட்கார்ந்தால் சீட்டுப் புண் வரும், ஏற்கெனவே வந்த புண் ஆறாது. லாட்ஜ் வெந்நீர் அடுப்புப் பக்கம் கயிறு கட்டி நானே அவர்கள் துணியைக் காயப்போட்டிருக்கிறேன். அப்படியும் நான் மேலேதான் நிறுத்து என்பேன். பழனிக்கு இறக்கம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வடகவுஞ்சி தாண்டினால் கொண்டை ஊசிகள். முந்தின நாள் முழுக்க ஹேண்டிலைப் பிடித்து மரத்துப்போன விரலோடு, தேய்ந்த கட்டையோடு அதில் இறங்கக்கூடாது. ஏறும்போது கெட்டுப்போன வண்டி ஆளை நிறுத்தும், அவ்வளவுதான். இறங்கும்போது கெட்டால் நிறுத்தாது.

மதியத்துக்கு மேல் ஆட்கள் நடமாட ஆரம்பிப்பார்கள். படி இறங்குவதைப் பார்க்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார்கள். சிலர் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போவார்கள். யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, பிறப்பால் ஆஸ்திரேலியர், 1936-ல் கட்டிய கோயில். மூடுபனி இல்லாத நாளில் அங்கிருந்து பழனி மலை தெரியும், நாளைக்கு எங்கே போய் விழப்போகிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். குறிஞ்சிப்பூ எங்கே என்று கேட்பார்கள். 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கில் 2030-ல் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

வேன் டிரைவருக்கு வேறு தலைவலி. 2024 மே மாதத்திலிருந்து கோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக்கூடாது, ஆகவே தண்ணீருக்குக் கேன். டோலிக் காலத்தில் தோப்பில் மூட்டை பிரித்த மாதிரி, நாங்கள் காட்ரோட்டில் நின்று சாமானைப் பிரித்துச் சரிபார்க்கிறோம்.

எனக்கு ஒரே வேடிக்கை ஏரிதான். சைக்கிள் மிதித்து நொந்துபோய், என்னிடம் லட்ச ரூபாய் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள், ஏரிக்கரையில் வாடகைக்கு நிற்கிற துருப்பிடித்த சைக்கிளை எடுத்து ஐந்து கிலோமீட்டர் ஏரியைச் சுற்றுவார்கள்! சீட்டு ஆடும், பெல் அடிக்காது, கேலிப்பர் பிரேக் பெயருக்கு இருக்கும். அதில் இரட்டை சீட் வண்டி எடுத்து முன்னும் பின்னும் சண்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒரு முறை டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் எங்கள் குழுவிலிருந்த பெரியவரிடம், “சார், புதுசா ஓட்டுறீங்களா? மெதுவாப் போங்க, அந்த வளைவுல கொஞ்சம் ஏத்தம் இருக்கு” என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முந்தின நாள் ஆயிரத்து எழுநூறு மீட்டர் ஏறியவர் அவர். ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவர் சொல்றது சரிதாம்பா, எனக்கு இப்ப அந்த ஏத்தமே பெருசு” என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஓய்வு நாளில் லேசாக மிதிப்பதும் இதுவும் ஒன்றுதான். அவர்கள் அதைப் பயிற்சி என்கிறார்கள், இவர்கள் மணிக்கணக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

பெங்களூர்க்காரர்கள் 2008-ல் நீலகிரியைச் சுற்றி டூர் ஆஃப் நீல்கிரிஸ் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கமும் குழுப் பயணம் பிடித்தது. பெரிய குழுவில் மெக்கானிக்குகளே நாலைந்து பேர் இருப்பார்கள், முறை வைத்துப் படுக்கலாம். என்னைக் கூப்பிடுகிற சின்னக் குழுவில் நான் ஒருத்தன்தான். இப்போது சம்பளம் பேசும்போதே ஓய்வு நாளுக்கு ஒன்றரைச் சம்பளம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் முகம் சுளித்தார்கள். “நாங்களே அன்னைக்கு ஓட்டலையே, உங்களுக்கு என்ன வேலை?” என்று ஒருவர் கேட்டார். அடுத்த ஓய்வு நாளில் அவரை ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வண்டியில் தேய்ந்து வெறும் தகடாகிப்போன பிரேக் கட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தை மாதம் பழனிப் பக்கம் குழுவை இறக்கச் சொன்னால் வரமாட்டேன். பூசத்துக்கு முன்னும் பின்னும் பழனியிலிருந்து எந்தச் சாலையில் வெளியேறினாலும், ஒட்டன்சத்திரம் பக்கமானாலும் தாராபுரம் பக்கமானாலும், பச்சை வேட்டியும் வெறுங்காலுமாக ஓரம் முழுக்க நடக்கிற ஜனம். ராத்திரியெல்லாம் நடந்தவர்கள் பகலில் கிடைத்த நிழலில், சாலை ஓரத்துத் தார் விளிம்பிலேயே துண்டை விரித்துத் தூங்குவார்கள். அவர்களை வளைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் விடுவது சரியில்லை. மார்கழிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாசியில் வாருங்கள், சக்கரம் எல்லாவற்றையும் புதுசாகக் கம்பி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.